டேப்லெட்டும் டியூவும் ஏழரை முட்டையும்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எந்த வண்டி எந்த நிதி நிறுவனக் கடனில் ஓடுகிறது, எத்தனை டியூ பாக்கி, யாருடைய செக் திரும்பியது என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று யாராவது கேட்டால் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லிவிடாதீர்கள் என்று டிரைவர்களுக்குப் பாடம் எடுப்பவளும் நான்தான். அப்படிப்பட்ட நான், கடன் வாங்குகிறேன் என்பதே தெரியாமல் 48,000 ரூபாய் கடன் வாங்கினேன். மகனின் படிப்புக்காக. ஆறு மாதம் அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் மறைத்துவைத்து, தனியாக அல்லாடினேன். அப்போது யாராவது ஒருவர் முன்கூட்டியே எச்சரித்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறேன். அதனால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். பாடம் விற்ற செயலி நிறுவனம், கடன் கொடுத்த நிதி நிறுவனம் இரண்டின் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர் மாறினாலும் நடைமுறை மாறுவதில்லை என்பது என் அனுபவம்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நாமக்கல் என்றால் முட்டை, லாரி, பிறகு பள்ளிக்கூடம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காக மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்த ஊர் இது. கோழிப் பண்ணைக்கும் அந்தப் பள்ளிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஊரிலேயே கேலி செய்வார்கள். இப்படியொரு ஊரில், கொரோனாவில் வண்டி ஓடாமல் கட்டணம் கட்ட முடியாமல், 2021-இல் என் மகனைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து அரசு நடுநிலைப் பள்ளியில் சேர்த்தேன். அந்த வருடம் எங்கள் தெருவில் மட்டும் நான்கு பிள்ளைகள் அப்படி மாறினார்கள். ஆறாம் வகுப்புக்கு அவன் பள்ளி வாசலை மிதித்தபோது நவம்பர் ஆகிவிட்டது. அதுவரை கல்வித் தொலைக்காட்சிதான். பள்ளி மாற்றியது தவறில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். மனத்துக்குள் ஒரு குற்ற உணர்வு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த முள் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த விற்பனைக்காரர்களின் தொழில் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2022 ஜூலையில், செல்போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, இலவச வகுப்பு ஒன்றுக்குப் பெயரும் எண்ணும் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. மகன் என்ன வகுப்பு, அப்பாவுக்கு என்ன வேலை, சொந்த வீடா, வாடகையா என்று வரிசையாகக் கேட்டார்கள். படிப்புக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கழுத்துப் பட்டை கட்டிய ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். ‘கல்வி ஆலோசகர்’ என்று அறிமுகம் செய்துகொண்டார். மகனை அருகில் உட்காரவைத்து, ஒரு தாளில், மூன்றில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தார். இவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எட்டில் இரண்டு என்று எழுதினான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். அந்த இளைஞர் அதைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, தாளை மெதுவாக என் பக்கம் திருப்பி வைத்தார். “இவன் இரண்டு வருடம் பின்தங்கியிருக்கிறான், மேடம். லாரி ஓட்டுகிறவர் மகனும் லாரிதான் ஓட்ட வேண்டுமா?” என்றார்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. சரியான விடை என்ன என்பதை அவர் அதில் எழுதவில்லை. வாயாலும் சொல்லவில்லை. கிளம்பும்வரை சொல்லவில்லை. இது எனக்கு உறைக்க நான்கு மாதம் ஆனது. ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தாமல் எழுந்து போகிற ஆசிரியரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு வேண்டியிருந்தது அந்தத் தப்பு விடைதான். வீட்டுக்கு வந்து இலவசமாக மதிப்பீடு செய்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த மதிப்பீடு நடப்பது பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. முடிந்தால் பிள்ளையை அந்த நேரத்தில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தன் முன்னாலேயே தன்னை ‘பின்தங்கியவன்’ என்று ஒருவர் சொல்ல, அம்மா தலையாட்டுவதை அவன் பார்த்தான். பணத்தைவிட அதுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது.

பேரம் இப்படி இருந்தது. ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மூன்று வருடப் பாடம், ஒரு டேப்லெட், வாரம் இருமுறை நேரலை வகுப்பு, தமிழில் விளக்கம். மொத்தம் 53,000 ரூபாய். கையில் 5,000 கொடுத்தால் போதும், மீதி மாதம் 2,000 வீதம் 24 மாதம், வட்டியே கிடையாது. பிடிக்காவிட்டால் 15 நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம். என் சம்பளம் அப்போது 14,000 ரூபாய். மாதம் இரண்டாயிரம் என்றால் சீட்டுப் பணத்தை நிறுத்திக் கட்டிவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். அவர் என் செல்போனை வாங்கி, பான் அட்டையையும் ஆதாரையும் படம் எடுத்தார். என் முகத்தையும் ஒரு படம் எடுத்தார். பிறகு மூன்று ஓ.டி.பி. வந்தது. ஒவ்வொன்றையும் என்னையே வாசிக்கச் சொன்னார். கணக்கைத் திறப்பதற்கு மேடம், வகுப்பைத் திறப்பதற்கு மேடம், அவ்வளவுதான் என்றார். நான் எண்ணை மட்டும் வாசித்தேன். அந்தக் குறுஞ்செய்திகளில் எண்ணுக்குப் பின்னால் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. பின்னாளில் அவற்றைத் தேடி எடுத்துப் படித்தபோது வயிறு கலங்கியது. முதலாவது என் அடையாளச் சரிபார்ப்பு. இரண்டாவது கடன் ஒப்பந்தத்தில் என் மின்னணுக் கையெழுத்து. மூன்றாவது, என் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நான் கொடுத்த அனுமதி.

ஆகவே முதல் பாடம் இதுதான்: ஓ.டி.பி. குறுஞ்செய்தியைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். யார் எதிரில் உட்கார்ந்திருந்தாலும், எவ்வளவு அவசரப்படுத்தினாலும் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் எண்ணைச் சொல்லாதீர்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்று எங்கே கேட்டாலும், மூன்றாவதாக ஒரு நிதி நிறுவனம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடனை எழுதி, பணத்தை மொத்தமாகச் செயலி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். அதன்பின் பாடம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் செயலி நிறுவனத்துக்குக் கவலை இல்லை, அதற்குப் பணம் வந்தாயிற்று. டியூ கட்ட வேண்டியது நீங்கள். பாடம் சரியில்லை என்று நிதி நிறுவனத்திடம் சொன்னால், பாடத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்பார்கள். 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதிமுறைகள் கொண்டுவந்தது. அதன்படி, கடனைப் பற்றிய முக்கிய விவரங்களை ஒரே தாளில் முன்கூட்டியே தர வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் கடனிலிருந்து விலகவும் வழி கொடுக்க வேண்டும். என் கடன் அதற்கு இரண்டு மாதம் முந்தியது. நீங்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

டேப்லெட் ஆறாவது நாள் வந்தது. முதல் வாரம் மகன் கீழே வைக்கவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் காட்டினேன். எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பி.எஸ்சி. முடித்த ஒரு பெண், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலை ஐந்து மணிக்குத் தன் வீட்டுத் திண்ணையில் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அதுவரை தவறாமல் போய்க்கொண்டிருந்த மகனை நான்தான் நிறுத்தினேன். 53,000 ரூபாய்ப் படிப்பு வீட்டில் இருக்கும்போது திண்ணைப் படிப்பு எதற்கு என்று அந்தப் பெண்ணிடமே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, “சரிங்க அக்கா” என்றார். இந்தக் கட்டுரையில் நான் செய்த முட்டாள்தனங்களில் எது பெரியது என்று கேட்டால், கடனைச் சொல்ல மாட்டேன்.

பத்தாவது நாளே சுவாரசியம் வடியத் தொடங்கியது. தமிழில் விளக்கம் என்றார்கள், வீடியோக்கள் அத்தனையும் ஆங்கிலம். பின்னம் சொல்லிக்கொடுக்க பீட்சாவை வெட்டினார்கள். என் மகன் அதுவரை பீட்சாவைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. நேரலை வகுப்பில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், கேள்வி கேட்டால் எழுத்தில் ஒரு வரி பதில் வரும், அதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வாட்ஸ்அப்புக்கு ஓர் அறிக்கை வரும். இந்த வாரம் 11 வீடியோ, 92 சதவீதம், வாழ்த்துகள் என்று பூங்கொத்துப் படத்துடன். அந்தப் பூங்கொத்தை நம்பித்தான் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் இழுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் ரத்து செய்யலாம் என்று அழைத்தேன். ஆலோசகரின் எண் எடுக்கப்படவில்லை. வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண், உங்கள் ஆலோசகர் தொடர்புகொள்வார் என்றார். இப்படியே மூன்று முறை. கடைசியில் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். பதினைந்து நாள் என்பது டேப்லெட் வந்த நாளிலிருந்து இல்லையாம், பணம் கட்டிய நாளிலிருந்தாம். அதுவும் பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் மெமரி கார்டைப் போட்டுவிட்டால் பயன்படுத்தியதாகக் கணக்காம். பெட்டியைப் பிரிக்காமல் எப்படிப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. பாவம், அவருக்கும் யாரோ எழுதிக்கொடுத்த வசனம்தான். நான் செய்த பிழை, எல்லாவற்றையும் தொலைபேசியில் பேசியது. ரத்து என்றால் முதல் நாளே மின்னஞ்சல் அனுப்புங்கள். செயலி நிறுவனத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். விற்க வந்தவர் வாயால் தரும் வாக்குறுதிகளை, நீங்கள் சொன்னது இதுதானே என்று அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி, ஆம் என்று பதில் வாங்கிவையுங்கள். அவர் எழுத்தில் ஆம் சொல்லத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

ஆகஸ்ட் 5-ஆம் தேதி, நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் 2,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அன்றுதான் கடன் என்ற சொல்லை முதலில் பார்த்தேன். மின்னஞ்சலில் குப்பைப் பகுதிக்குள் கிடந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். 19 பக்கம், பொடி எழுத்து, ஆங்கிலம். வீட்டுக்காரர் அப்போது நாக்பூர் பக்கம் லோடு ஏற்றப் போயிருந்தார். மாதத்தில் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவார். வெயிலிலும் டீசல் புகையிலும் அவர் சம்பாதிப்பதை இப்படித் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? சொல்லவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று நான்கு டியூ, 8,000 ரூபாய், வாயை மூடிக்கொண்டு கட்டினேன்.

நவம்பரில் ஒரு இரவு, மகன் டேப்லெட்டில் கணக்குப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதே மாதிரிக் கணக்கு, மூன்றில் ஒன்று கூட்டல் ஐந்தில் ஒன்று. நான்கு விடைகள். இவன் முதலாவதைத் தொட்டான், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது பச்சையாகி, மணியோசையுடன் நட்சத்திரங்கள் கொட்டின. அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். “எப்படிக் கண்ணு அந்த விடை வந்தது?” என்று கேட்டேன். “பச்சை வரும்வரை அழுத்தினால் போதும், அம்மா” என்றான். தாளும் பேனாவும் கொடுத்து அதே கணக்கைப் போடச் சொன்னேன். எட்டில் இரண்டு என்று எழுதினான். ஜூலையில் எழுதிய அதே எட்டில் இரண்டு. நான்கு மாதத்தில் நாற்பத்தைந்து வீடியோவுக்கு மேல் பார்த்திருந்தான், தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே ஒரு வாரம்கூடப் போகவில்லை. அந்த எண்கள் அளந்தது அவன் எத்தனை முறை திரையைத் தொட்டான் என்பதை மட்டும்தான். யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை இந்தத் துறையைப் பற்றியதுதான். பிரிட்டனில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 சதவீதம் மட்டுமே தங்கள் பொருளை முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தன என்று அதில் ஒரு தகவல் வருகிறது. படித்தபோது ஆச்சரியப்படவில்லை. உங்கள் வீட்டில் ஏதாவது செயலி இருந்தால் வாராந்திர அறிக்கையைப் பார்க்காதீர்கள், பிள்ளையிடம் வெறும் தாளைக் கொடுங்கள்.

மறுநாள் மாலை தலையைக் குனிந்துகொண்டு திண்ணை வகுப்புக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அவன் எழுதிய எட்டில் இரண்டைப் பார்த்துவிட்டு, தப்பு என்று சொல்லாமல், “இது எப்படி வந்தது, சொல்” என்று கேட்டார். அவன் சொன்னான். உடனே உள்ளே போய் முப்பது முட்டை பிடிக்கும் காலி அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். நாமக்கல்லில் அது இல்லாத வீடு உண்டா? இதில் மூன்றில் ஒரு பங்கு எத்தனை குழி என்று கேட்டு, பத்துப் புளியங்கொட்டைகளைப் போடச் சொன்னார். ஐந்தில் ஒரு பங்கு? இன்னும் ஆறு. மொத்தம் பதினாறு. “நீ சொன்ன எட்டில் இரண்டு என்றால், கால் பங்கு. முப்பதில் கால் பங்கு எத்தனை?” அவன் விரல் விட்டு எண்ணி, “ஏழரை” என்றான். “பத்து முட்டையோடு ஆறு முட்டையைச் சேர்த்தால் ஏழரை முட்டையா வரும்?” பதினைந்து பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழரை பிடித்தது முட்டைக்கு இல்லை எனக்குத்தான் என்று நானும் சிரித்தேன், கண்ணீர் வந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்காது. அவன் அதன்பின் அந்தத் தப்பைச் செய்ததே இல்லை. எங்கே தடுமாறுகிறான் என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் அவனைக் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். திரையை அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018-இலிருந்து நம் அரசுப் பாடநூல்களிலேயே கியூ.ஆர். கோடு இருக்கிறது. செல்போனைக் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோ காசில்லாமல் வருகிறது. அந்தப் பெண்ணும் அறிவியல் பாடத்துக்கு அதைக் காட்டுவார். காட்டிவிட்டு நிறுத்தி, கேள்வி கேட்பார்.

டிசம்பரில் கணக்கில் பணம் போதவில்லை. 5-ஆம் தேதி டியூ திரும்பியது. ஒரு வாரம் கழித்து மறுபடி போட்டார்கள், மறுபடி திரும்பியது. ஜனவரியிலும் ஒரு முறை திரும்பியது. ஒவ்வொரு தடவைக்கும் வங்கி 295 ரூபாய் பிடித்தது, மொத்தம் 885. நிதி நிறுவனம் எழுதிய அபராதம் தனி. பிறகு அழைப்புகள் தொடங்கின. இரவு ஒன்பது மணிக்கு, பட்டறைத் தொலைபேசிக்கு, என் தம்பிக்கு. உங்கள் கணக்குப்பிள்ளை கடன் கட்டவில்லை என்று முதலாளியிடமே சொன்னார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை, ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அது இன்னும் அவமானமாக இருந்தது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்றும், கடனாளியின் உறவினர், நண்பர்களைத் தொல்லை செய்யக் கூடாது என்றும் 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருந்தது. தெரிந்திருந்தால் அழைப்பு வந்த நேரத்தையெல்லாம் அன்றே குறித்துவைத்திருப்பேன். வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் பணம் திரும்பினால் குற்றம் என்று வாட்ஸ்அப்பில் 2007-ஆம் வருடப் பணப் பட்டுவாடா முறைகள் சட்டத்தைச் சொல்லி, இரண்டு வருடம் சிறை என்று ஒரு நோட்டீஸும் வந்தது. அப்படி ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் எழுத்துமூலம் பணம் கேட்டு நோட்டீஸ், அதன்பின் பதினைந்து நாள் அவகாசம், பிறகு நீதிமன்றம் என்று படிகள் இருக்கின்றன. ஒரு டியூ திரும்பியதும் போலீஸ் வாசலில் நிற்காது. அந்த இரவு எனக்கு அது தெரியாது. மகனைக் கட்டிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தேன்.

வீட்டுக்காரருக்குத் தெரிந்த விதம் வேறு. ஜனவரியில் என் பெயரில் ஸ்கூட்டி வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். சிபில் சரியில்லை, ஒரு கடன் பாக்கி காட்டுகிறது என்று அந்தப் பையன் கணினியைத் திருப்பிக் காட்டினான். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “லாரிக்கு டியூ கட்டாவிட்டால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இதில் எதைப் பிடிப்பார்கள்? பையன் படித்ததையா?” என்றார். கோபமா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு ஆறு மாதத்துக்குப் பிறகு தூங்கினேன். முதல் டியூ எடுத்த அன்றே சொல்லியிருந்தால் வங்கி பிடித்த 885 ரூபாயாவது மிஞ்சியிருக்கும்.

அதன்பின் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அலைச்சலை விவரித்தால் உங்களுக்கும் தலை வலிக்கும். இரண்டு நிறுவனங்களின் குறைதீர்ப்பு அலுவலர்களுக்கும் ஒரே மின்னஞ்சலில், தேதி வாரியாக, கடன் என்று சொல்லாமல் ஓ.டி.பி. வாங்கியது, தமிழ் என்று சொல்லி ஆங்கிலம் கொடுத்தது, ரத்து செய்யக் கேட்டு அழைத்த நாட்கள் எல்லாவற்றையும் எழுதினேன். செல்போனில் பழைய அழைப்புப் பட்டியல் இருந்தது பெரிய உதவி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். நிதி நிறுவனம் முப்பது நாளில் சரியான பதில் தரவில்லை. உடனே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். இணையதளத்திலும் செய்யலாம், கட்டணம் கிடையாது. சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தமிழிலேயே கடிதம் எழுதித் தபாலிலும் அனுப்பலாம். நான் விரைவுத் தபாலில் அனுப்பினேன். சந்தேகத்துக்கு 14448-இல் அழைக்கலாம். இதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று முடிவு செய்திருந்தேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை போகவில்லை. ஏப்ரலில், அதுவரை ஒளிந்திருந்த செயலி நிறுவனம் தானே அழைத்து, டேப்லெட்டைக் கொடுத்துவிடுங்கள், மீதிக் கடனை நாங்கள் முடித்துவிடுகிறோம் என்றது. கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். ஒப்புக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் முறுக்கியிருக்கலாம் என்று தம்பி இன்றும் சொல்கிறான். எனக்குத் தெம்பு இல்லை.

சமரசத்துக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் இரண்டை விட்டுவிடாதீர்கள். கடன் முடிந்ததற்கு நிதி நிறுவனத்தின் சான்று கைக்கு வந்த பிறகுதான் டேப்லெட்டைக் கொடுத்தேன். அதை வாங்க வந்தவரிடம் தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அடுத்து, கடன் அறிக்கை. வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். ஜூன் மாதம் பார்த்தபோது பாக்கி இன்னும் அப்படியே நின்றது. சான்றை இணைத்து மறுபடி எழுதி, ஆகஸ்டில்தான் சரியானது. மொத்தக் கணக்கு: முன்பணம் 5,000, நான்கு டியூ 8,000, வங்கி பிடித்தது 885. ஆக 13,885 ரூபாய். தபால், ஜெராக்ஸ் செலவையும் சேர்த்தால் சரியாக என் ஒரு மாதச் சம்பளம். மூன்று நாள் விடுப்பு வேறு.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு விஷயத்தைப் படித்தேன். 2021 டிசம்பர் 23 அன்றே மத்திய கல்வி அமைச்சகம் இந்த மாதிரி நிறுவனங்களைப் பற்றிப் பெற்றோருக்கு அறிவுரை வெளியிட்டிருக்கிறது. தானாகப் பணம் எடுக்கும் வசதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், உங்களுக்குத் தெரியாத கடனில் கையெழுத்திடாதீர்கள், நிறுவனம் காட்டும் வெற்றிக் கதைகளை விசாரிக்காமல் நம்பாதீர்கள் என்று. நான் ஏமாறுவதற்கு ஏழு மாதம் முன்பு! அதை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு எங்கள் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தால் 13,885 ரூபாய் மிஞ்சியிருக்கும். இப்போது பெற்றோர் கூட்டத்தில் நானே அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பணம் போனது ஒருபுறம். போனது போனதுதான் என்று ஆகாத ஒன்று, நான் கொடுத்த விவரங்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022-இல் 49 நாடுகளின் 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து, அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் தரவு விஷயத்தில் அவர்களின் உரிமையை மீறின அல்லது மீறும் அபாயத்தில் இருந்தன என்று சொன்னது. அது ஆராய்ந்தவற்றில் நம் அரசின் இலவசக் கல்விச் செயலியான தீக்ஷாவும் உண்டு. இலவசம் என்பதால் கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பது இதில் எனக்குப் புரிந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் விவரத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்று 2023-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. என் விஷயத்தில் சம்மதம் கொடுத்ததே நான்தான். அந்த இலவச வகுப்புக்கு எண்ணைத் தட்டிய அந்த ஒரு நிமிடம்தான் சம்மதம். இப்போதெல்லாம் பார்க்க மட்டும் வேண்டும் என்றால் எண் கேட்காத இடத்தில்தான் பார்க்கிறேன்.

மகன் இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான். ஜூன் மாதம் பள்ளி திறந்த மூன்றாம் நாள், பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அழைப்பு வந்தது. புது எண், புது நிறுவனம், இனிமையான குரல். “மேடம், உங்கள் மகன் இந்த வருடம் பத்தாம் வகுப்புதானே? கணக்கில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறான் அல்லவா?” மூன்றில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று நான் கேட்டேன். எதிர்முனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு வைத்துவிட்டார்.